தெக்லாவின் ஈற்றுச்சீர்

சிப்பித்துறையில் சந்தியாகுவின் மகள் தெக்லாவுடைய நெஞ்சு வெண்பாவில் துடிக்கிறது என்று தெரிந்த அன்றைக்கு ஊருக்கு வந்த முதல் சந்தேகம் அது நேரிசை வெண்பாவா இன்னிசை வெண்பாவா என்பதுதான், ஏனென்றால் அந்த ஊரில் உள்ளங்கையில் உப்புப் பூத்துப் பிறந்த பிள்ளை உண்டு, அமாவாசைக்கு அமாவாசை நிழல் இல்லாமல் நடமாடிய சங்குக்கடைக்காரர் உண்டு, அவரும் கல்யாணம் பண்ணி ஏழு பிள்ளை பெற்று நிழலோடுதான் செத்துப்போனார், ஆகவே ஒரு குழந்தையின் நெஞ்சு இப்படித்தான் துடிக்க வேண்டும் என்று அங்கே யாரும் சட்டம் பேசவில்லை.

முதலில் கேட்டது அமலோற்பவம். சந்தியாகுவின் அக்காள். நாற்பத்தோராம் நாள், நீட்டிய கால்களில் பிள்ளையைக் கிடத்தி எண்ணெய் நீவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு, குனிந்து, பிள்ளையின் மாரில் காதை வைத்து, வெகுநேரம் வைத்து, நிமிர்ந்தாள்.

"ஏட்டி ஜெசி, இது ஓடுத ஓட்டம் சரியில்லயே. ஒரு மாதிரி தாளம் போட்டு ஓடுது, ஓடி ஓடி ஒரு எடத்துல நிக்கி. யாரையோ பாத்துட்டு நிக்கிற மாதிரி நிக்கி."

பிள்ளையின் தாய் ஜெசிந்தாவுக்கு அது தெரியும். பிறந்த மறுநாளே தெரியும். பிள்ளையை மாரோடு சேர்த்துப் படுத்திருந்தபோது அந்தக் குட்டி நெஞ்சு தன் நெஞ்சின்மேல் ஒற்றையாகவும் இரட்டையாகவும் தட்டித் தட்டிப் போய், திடீரென்று ஒன்றுமில்லாமல் ஆகி, மறுபடி தொடங்கியதை அவள் கேட்டிருந்தாள், கேட்டும் வெளியே சொல்லவில்லை, சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தாள். அந்த ஒன்றுமில்லாத நேரத்தை அளக்க அவளிடம் கடிகாரம் இல்லை. மடத்துப் பள்ளியில் பன்னிரண்டு வருஷம் படித்தவள் என்பதால் தினமும் சொல்லும் மாதா மந்திரத்தின் சொற்களை வைத்து அளந்தாள். முதல் வாரத்தில் ஒரு சொல் நேரம். ஞானஸ்நானத்தன்று மூன்று சொல். நாற்பத்தோராம் நாள் ஆறு சொல்.

நகரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஓட்டை இல்லை, வால்வு நன்றாக இருக்கிறது, ஆனால் ஓர் இடத்தில் நிற்கிறது, அந்த நிற்கும் நேரம் கூடுகிறது, ஏன் என்று எனக்கே தெரியவில்லை அம்மா, எடை கொஞ்சம் கூடட்டும் பார்ப்போம் என்றார், நல்ல மனுஷர், வாசல்வரை வந்து வழியனுப்பினார். அவர் வாசல்வரை வந்ததைப் பார்த்து ஜெசிந்தா பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

அதற்குள் ஊர் வந்து கேட்கத் தொடங்கியிருந்தது. காலையில் மீன் ஏலம் முடிந்ததும் பெண்கள் வந்தார்கள், மதியம் வலை பின்னுகிறவர்கள் வந்தார்கள், சாயங்காலம் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் வந்து இது வெண்பா ஓசை என்றார்கள். ஒவ்வொருவரும் கையைக் கழுவி, காதைத் துடைத்து, பிள்ளையின் மாரில் ஒரு பக்கக் காதை வைத்துக் கேட்டுவிட்டு, வந்தபோது பேசிக்கொண்டிருந்ததை மறந்து எழுந்து போனார்கள். பூக்காரி பேச்சி எழுந்திருக்கவே இல்லை. கேட்டுக்கொண்டே அழுதாள், ஏன் அழுகிறாய் என்றதற்கு, "எனக்காக யாரு எப்ப இப்படி வழி பாத்து நின்னிருக்கா" என்றாள். அமலோற்பவம்தான் வாசலில் நின்று ஒழுங்கு பண்ணினாள். "ஒத்தொத்தையா வாங்க. கருவாட்டு நாத்தத்தோட வாரவுக கடைசில வாங்க. எலே மிக்கேலு, நீ காலைலயே கேட்டாச்சு, போ."

வெள்ளைச்சாமி வந்தது மூன்றாம் நாள். அச்சகத்தில் எழுத்துக் கோக்கிறவர், ஊரில் யார் செத்தாலும் பதினாறாம் நாள் அட்டைக்கு ஒரு வெண்பா எழுதிக் கொடுக்கிறவர், அதனால் வெண்பா வெள்ளைச்சாமி என்று பேர், அதனாலேயே சீக்காளி இருக்கிற வீட்டுப் பக்கம் அவர் குடையோடு போனால் சனங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஜன்னல் வழியாக அந்தக் குடையைப் பார்த்த ஜெசிந்தா ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டாள்.

"இங்க ஒண்ணும் ஆகல. நீங்க போங்கய்யா."

"தாயி, நான் எழுத வரல. கேக்க வந்தேன்." வெளியே குடை மடங்குகிற சத்தம் கேட்டது. "அறுபது வருசமா எழுதுதேன், ஒருநாளும் தானா வந்து ஒரு வெண்பா என் காதுல விழுந்ததில்ல. ஒருக்கா கேட்டுட்டுப் போயிருதேன்."

அமலோற்பவம் தாழைத் திறந்தாள்.

அவர் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். இடதுகைக் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுவைத் தொட்டுத் தொட்டுப் போனது. ஒற்றைத் துடிப்பு நேர், சேர்ந்து விழுகிற இரட்டைத் துடிப்பு நிரை, அவ்வளவுதான் கணக்கு என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு சீராக வாய்பாடு சொல்லத் தொடங்கினார்.

"கருவிளங்காய்... தேமா... புளிமாங்காய்... தேமா."

"புலவரே," என்றாள் அமலோற்பவம், "பிள்ளைக்கு என்னன்னு கேட்டா காய்கறி மார்க்கெட்ல போயி நிக்கியளே."

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். "கடல்ல மீனு இல்லன்னதும் பிள்ளை வயக்காட்டுப் பக்கம் போயிட்டா போல" என்றான் மிக்கேல். வெள்ளைச்சாமி சிரிக்கவில்லை. கையை உயர்த்திச் சத்தம் போடாதீர்கள் என்று காட்டிவிட்டு அடுத்த அடிக்குப் போனார். "கருவிளங்காய்... கூவிளங்காய்... தேமா... இந்தா, இங்க மூச்சு வாங்குது பாருங்க, தனிச்சொல்லு... புளிமாங்காய்."

அடுப்படி வாசலில் நின்ற ஜெசிந்தா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவர் சொல்லச் சொல்ல, வெறும் காயும் மாவுமாக அவர் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு வாய்பாட்டுக்கும் பின்னால் ஒவ்வொரு சொல் எழுந்து வந்து அவள் முன்னால் நின்றது, பத்து வருஷமாக அவள் நினைத்துப் பார்க்காத சொற்கள், அவள் கையெழுத்திலேயே நின்றன.

*மணியடித்தால் ஓடி மதிலோரம் நிற்பேன்
அணிலறியும் வந்ததெதற் கென்று – துணிவின்றி
உன்பேரை ஓதி உதட்டுக்குள் வைத்திருப்பேன்
என்பேரை என்றழைப்பாய்*

"தேமாங்காய்... கூவிளங்காய்..." என்று சொல்லி வெள்ளைச்சாமியின் கட்டைவிரல் அடுத்த கணுவுக்கு மேலே போய் நின்றது. அங்கேயே நின்றது. வீட்டுக்குள் இருந்த எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள், ஜெசிந்தா உதடு அசையாமல் மந்திரத்தின் ஏழு சொற்களைச் சொன்னாள், எட்டாவது சொல்லில் பிள்ளையின் நெஞ்சு மறுபடி முதல் சீரிலிருந்து தொடங்கியது.

அவர் நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது.

"நேரிசைதான். எங்கயும் தளை தட்டல. மூணு அடிக்கு நாலு நாலு சீரு, கடைசி அடிக்கு மூணு வரணும், ரெண்டுதான் இருக்கு. பதினாலு சீரோட நிக்குது. ஈற்றுச்சீரு இல்ல."

"அதனாலதான் நிக்கா?"

"அதனாலதான் நிக்கா. வரும் வரும்னு பாத்துட்டு நிக்கா. இது காதல் பாட்டு அமலோற்பவம்."

"சொல்லே இல்லாம காதல் பாட்டுன்னு எப்படிக் கண்டீரு?"

"நான் எழுதுதது பூராவும் இரங்கல். இரங்கல்ல ஈற்றுச்சீரு முந்திக்கிட்டு வந்து விழுந்திரும், முடிக்கணும்னு அதுக்கு அவசரம். முடிவுகிட்ட வந்துட்டு முடிக்காம இப்படி நிக்கிறது காதல்ல மட்டும்தான்." குடையை எடுத்துக்கொண்டு வாசலில் திரும்பி, ஜெசிந்தாவிடம் மட்டும் தணிந்த குரலில் சொன்னார். "ஆனா தாயி, எனக்கே பயமாத்தான் இருக்கு. இல்லாத சீரைத் தேடி இது சுத்திச் சுத்தி வருது, அதனால ஓடுது. முடிஞ்ச வெண்பா அப்புறம் ஓடாது. முடிஞ்சதுன்னா நான் அச்சுக்கு ஏத்திருவேன்."

அந்தச் சொல்தான் அவள் வயிற்றில் போய்த் தங்கியது. முடிக்காவிட்டால் பிள்ளை நின்றுவிடுவாள், முடித்தாலும் நின்றுவிடலாம்.

அவள் எழுதியதுதான். பதினேழு வயதில், விடுதியின் படிப்பு நேரத்தில், 'அலகிட்டு வாய்பாடு கூறுக' என்று தமிழ் மிஸ் கொடுத்திருந்த பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில் எழுதியது. சாயங்காலம் ஐந்து மணி அடித்ததும் விடுதிக்கு ரொட்டி கொண்டுவருகிற பையன் ஒருவன் இருந்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் சைக்கிள் வந்து நிற்கும், தகரப்பெட்டி திறக்கும், வெந்த மாவின் வாசனை மதிலைத் தாண்டி வரும், எதிர்க்கடையிலிருந்து யாரோ "பால்! ஏ பால்!" என்று அவனைக் கூப்பிடுவார்கள், அப்படித்தான் அவன் பேர் அவளுக்குத் தெரிந்தது. அவளை அவன் ஒருமுறை பார்த்திருக்கலாம், இரண்டு முறை பார்த்திருக்கலாம். அவள் பேர் அவனுக்குத் தெரியாது. தாளில் 'என்றழைப்பாய்' வரை எழுதிவிட்டுக் கடைசிச் சொல்லுக்காகப் பேனாவைத் தூக்கியபோது சிஸ்டர் ஹெலனுடைய செருப்புச் சத்தம் பின்னால் வந்தது, அவள் தாளைக் கிழித்து வாயில் போட்டுக்கொண்டாள், வாயில் என்ன என்று சிஸ்டர் கேட்பதற்குள் அது நற்கருணை அப்பம் போல நாக்கில் கரைந்து இறங்கிவிட்டது. அந்த வருஷமே படிப்பு முடிந்தது. அவன் பேரை அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தன் உடம்புக்குள் போன காகிதம் எங்கே போயிருக்கும் என்று அவள் யோசித்ததும் இல்லை.

ஊர் இதற்குள் ஈற்றுச்சீரைத் தேடக் கிளம்பிவிட்டது. வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று வெள்ளைச்சாமி டீக்கடையில் ஒரு பேச்சுக்குச் சொல்லியிருந்தார், அது மாதிரி ஓசை உள்ள எந்தச் சொல்லும் வரலாம் என்பதற்காகச் சொன்னது, ஆனால் டீக்கடையிலிருந்து கடற்கரைக்குப் போவதற்குள் அது அந்த நான்கு பொருளாகவே மாறிவிட்டது. மறுநாள் விடியலில் பேச்சி ஒரு கூடை மல்லிகையோடு வந்து பிள்ளையைச் சுற்றிக் கொட்டினாள். வெளியூரில் பிரசவம் பார்க்கிற நர்ஸ் அம்மாள், பிறந்து மூன்று நாளான ஒரு பிள்ளையைத் தாயோடு கூட்டிவந்து தெக்லாவின் பக்கத்தில் கிடத்தினாள், பிறப்பு வேண்டுமென்றால் இதோ பிறப்பு. ஏலக்காரர் ஒரு பழைய வெள்ளிக்காசைக் கழுவிக் கொண்டுவந்து பிள்ளையின் நெஞ்சில் வைத்தார். காசு குளிர்ந்திருந்ததால் தெக்லா அழுதாள்.

வெள்ளைச்சாமி தலையில் கை வைத்துக்கொண்டு ஓடிவந்தார். "ஐயோ, மலரும் பிறப்பும் ஆகவே ஆகாது. முன்னால நிக்கது காய்ச்சீரு. காய்க்கு அடுத்தாப்ல நேர்தான் வரணும். மலரும் பிறப்பும் நிரை."

"என் பூவை வேண்டாம்னு சொல்லுத இலக்கணம் என்ன பெரிய இலக்கணம்?" என்றாள் பேச்சி. "உம்ம பாட்டை விட என் மல்லிதான்யா நிறையப் பேரைச் சேத்து வச்சிருக்கு."

"சேத்து வச்சிருக்கும் தாயி. தளைக்கு ஆகாதுன்னுதான் சொல்லுதேன்."

மிஞ்சியது நாள். பங்குச்சாமியார் ஒரு நாள் குறித்து விசேஷப் பூசை வைக்கலாம் என்றார், கோயில் தெருக்காரர்கள் பஞ்சாங்கம் பார்த்து வேறொரு நாள் சொன்னார்கள், இரண்டு நாளையும் யாரோ சாக்கட்டியால் சந்தியாகு வீட்டுக் கதவில் எழுதிவிட்டுப் போனார்கள். பிள்ளைக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்று ஜெசிந்தா ஈரத்துணியால் அந்தக் கதவைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள், சாயம் போகும்வரை கழுவினாள்.

நாட்களும் வந்தன. ஒன்று போனது, இன்னொன்று போனது. பூசைக்கு வந்த கூட்டத்தில் யாரும் தும்மக்கூட இல்லை. நெஞ்சு நிற்கிற நேரம் பதினைந்து சொல்லானது, பிறகு முழு மந்திரமானது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, அமலோற்பவமும் பேச்சியும் பக்கத்தில் இருக்கும்போதே, ஜெசிந்தா ஒரு மந்திரத்தை முழுக்கச் சொல்லி முடித்து அடுத்ததைத் தொடங்கினாள், அதிலும் பாதி போய்விட்டது, பிள்ளையின் உதடு நாவல்பழம் தின்றது போல ஆனது, அமலோற்பவம் "மாதாவே" என்று மாரில் அடித்துக்கொண்டாள். ஜெசிந்தாவுக்கு அப்போது முடிந்தால் ஓடாது என்ற பயமும் இல்லை, புருஷன் என்ன நினைப்பான் என்ற பயமும் இல்லை, பயம் என்று தனியாக ஒன்று நிற்க அவளுக்குள் இடமே இல்லை. குனிந்து, பிள்ளையின் மாரில் வாயை வைத்து, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பேரைக் கூப்பிட்டாள்.

"பால்."

நெஞ்சு ஒரு தட்டுத் தட்டியது. ஒற்றைத் தட்டு, நேர். பிறகு முதல் அடியிலிருந்து தொடங்கி நிற்காமல் ஓடியது.

பேச்சி வாயைப் பொத்திக்கொண்டாள். அமலோற்பவம் வாசலுக்கு ஓடினாள். "கெடச்சிருச்சு! எல்லாரும் வாங்க, கெடச்சிருச்சு! பாலு! பச்சப்பிள்ளைக்குப் பாலுதான்! இதக்கூட யோசிக்காம பூவும் காசும் தூக்கிட்டு அலைஞ்சோமே, நம்மள மாதிரி மடச்சனம் உண்டா!"

வெள்ளைச்சாமி விரலில் எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டி ஆட்டிச் சந்தோஷப்பட்டார். "நாள் வாய்பாடு. காய்க்கு அடுத்தாப்ல நேர். கச்சிதமாப் பொருந்துது. பால்னா பக்கம், பால்னா விதி, பால்னா பகுப்பு, பால்னா தாய்ப்பால், எத்தனை அர்த்தம், தாயி, நீதான் புலவர்." முடிந்தும் ஓடுகிறதே என்று ஜெசிந்தா கேட்டதற்கு, "கூப்பிட்டா வாரது வேற கணக்கு போல. அதை எங்க வாத்தியார் சொல்லித் தரல" என்றார்.

அன்று மாலைக்குள் வாசல் பாலால் நிறைந்தது. தூக்குவாளியில் பசும்பால், செம்பில் ஆட்டுப்பால், கோயில் தெருக்காரர்கள் தலையில் சுமந்து வந்த பால்குடங்கள், மாதா கோயிலில் மந்திரித்த பால் என்று வந்துகொண்டே இருந்தது, ஊர்ப்பூனைகள் எல்லாம் அந்தத் தெருவுக்குக் குடிவந்தன, வாய்க்கால் மூன்று நாள் வெள்ளையாக ஓடியது. ஜெசிந்தா எல்லோருக்கும் கும்பிடு போட்டாள். சந்தோஷப்படவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை, எல்லோரும் சொல்வதும் அவள் சொல்வதும் ஒரே சொல்லாக இருந்தும் ஒரே சொல்லாக இல்லை.

ஏனென்றால் ஒருமுறை கூப்பிட்டால் கால்மணி நேரம் தாங்கியது. அதற்குப் பிறகு நிற்கிற நேரம் மறுபடி நீளத் தொடங்கியது, மறுபடி கூப்பிட வேண்டியிருந்தது. நாங்கள் இருக்கிறோம், முறை போட்டுக்கொள்வோம், நீ போய்ப் படு என்று பெண்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். அமலோற்பவம் "பால்" என்றாள், நெஞ்சு அசையவில்லை. பேச்சி தேனொழுகச் சொன்னாள், அசையவில்லை. வெள்ளைச்சாமி மாத்திரை பிசகாமல் சொன்னார், அசையவில்லை. ஒவ்வொரு முறையும் ஜெசிந்தாவை உலுக்கி எழுப்ப வேண்டியதாயிற்று. தாயின் குரல்தான் அதற்கு வேண்டும் என்று ஊர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வருத்தத்தோடு, ஒவ்வொருவராக எழுந்து வீட்டுக்குப் போனது.

பத்து நாள் அவள் கால்மணி கால்மணியாகத் தூங்கினாள். சோற்றுத் தட்டின்மேல் தூங்கினாள், கிணற்றுக் கயிற்றைப் பிடித்தபடி தூங்கினாள். கண்ணுக்குக் கீழே கரி அப்பியது. சுவர் தன்னிடம் ஏதோ கேட்கிறது என்று அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். இவளும் நிலைக்கமாட்டாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

சந்தியாகு ஐஸ் கம்பெனியில் மிஷின் பார்க்கிறவன். அதிகம் பேசமாட்டான். கம்பெனியில் நான்கு கம்ப்ரசர் ஒரே நேரத்தில் ஓடும்போது எதில் ஒரு தட்டு தப்புகிறது என்று வெளியே நின்றே சொல்லிவிடுவான். பத்தாம் நாள் மத்தியானம் சாப்பிட வந்தவன், சாப்பிடாமல், அவள் பிள்ளையைக் கூப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு தானும் குனிந்து சொல்லிப் பார்த்தான். நெஞ்சு அசையவில்லை. அவள் சொன்னாள், ஓடியது.

"நீ சொல்லுததும் நான் சொல்லுததும் வேற" என்றான்.

"ஒரே சொல்லுதாங்க."

"ஒரே சொல்லுதான். நான் மிஷின்காரன் ஜெசி. சத்தத்துல எனக்குத் தப்பு வராது. அக்கா சொல்லுதா, பேச்சி சொல்லுதா, நானும் சொல்லுதேன். நீ சொல்லல. நீ கூப்பிடுத."

அவள் பிள்ளையின் சட்டையை இழுத்துச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது, மறுபடி சரிசெய்தாள்.

"பேரா?" என்றான்.

"ஆமாங்க."

வெளியே பூனைகள் பாலுக்குச் சண்டை போட்டன. அவன் தண்ணீர்ச் செம்பை எடுத்தான், குடிக்காமல் வைத்தான்.

"ஆளு எங்க இருக்கான்?"

"தெரியாது. சத்தியமா தெரியாது. ரொட்டி கொண்டாருவாங்க. ஒரு வார்த்தை பேசினதில்ல. என் பேரு என்னன்னு அவங்களுக்குத் தெரியாதுங்க."

"பேசாமலேதான் இவ்வளவுமா" என்றான் சந்தியாகு. கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். எழுந்து, ஆணியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, செருப்பை மறந்து, வெறுங்காலோடு வெயிலில் போனான்.

அன்று வரவில்லை, மறுநாளும் வரவில்லை. கம்பெனியிலேயே கிடக்கிறான், ஐஸ் கட்டிகளை வெட்டித் தள்ளிக்கொண்டே இருக்கிறான், படகுக்காரர்கள் போதும் என்றாலும் வெட்டுகிறான் என்று மிக்கேல் வந்து சொன்னான். அமலோற்பவம் போய்க் கூப்பிட்டாள். "ஏல, பொண்டாட்டி பிள்ளைய விட்டுட்டு ஐஸுக்குள்ள என்னல பண்ணுத?" என்று கேட்டதற்கு, "வாரேன்" என்றானாம், தலையைத் தூக்காமல்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நான்கு மணிக்கு ஊரில் கரண்டு போனது. ஐஸ் கம்பெனியின் நான்கு கம்ப்ரசரும் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின. இருபது வருஷமாக அந்தச் சத்தத்துக்குள்ளேயே இருந்த சந்தியாகு, கையில் ஐஸ் உளியோடு, சத்தம் எதுவும் இல்லாத அந்த இடத்தில் நின்றான். சத்தம் எப்போது வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தான். தண்ணீர் சொட்டுகிறது, அவ்வளவுதான். அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது, அவள் கால்மணிக்கு ஒருமுறை இந்த அமைதிக்குள்தான் இறங்கி ஏறுகிறாள், இதற்குள் நின்றுகொண்டு ஒருத்தி எவன் பேரைச் சொன்னால் என்ன. உளியைப் போட்டுவிட்டு வீட்டைப் பார்த்து ஓடினான்.

ஜெசிந்தா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கியிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, அந்தப் பேரைத் தொடங்கும்போதே தூக்கம் அடித்துவிட்டது போல. மடியில் தெக்லா. உதடு கறுத்திருந்தது. சந்தியாகு மண்டியிட்டுக் காதை வைத்தான். ஒன்றுமில்லை.

"பால்" என்றான். அது பாலாகத்தான் வந்தது, செம்பில் இருக்கிற பால்.

"பால்" என்றான் மறுபடி, பல்லைக் கடித்துக்கொண்டு. அது திட்டுவது போல வந்தது. பிள்ளையின் விரல்கள் சில்லிட்டிருந்தன, அவன் கையும் ஐஸில் சில்லிட்டிருந்ததால் எது யாருடைய குளிர் என்று தெரியவில்லை.

சந்தியாகு கண்ணை மூடினான். தான் ஒருநாளும் பார்த்திராத ஒருவனை, சைக்கிளைப் பிடித்தபடி தன் வீட்டு வாசலில் தயங்கி நிற்கிற ஒருவனை, ரொட்டி மாவு ஒட்டிய கையோடு உள்ளே வரலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறவனை நினைத்துக்கொண்டான். அவன் முகத்தைப் பார்க்கச் சந்தியாகுவுக்கு மனசில்லை. ஆனாலும் பார்த்தான். பிறகு, வெயிலில் நிற்கிற மனுஷனை வீட்டுக்காரன் உள்ளே கூப்பிடுகிற குரலில், தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி கூப்பிட்டான்.

"பால்! ஏ பால்!"

நெஞ்சு ஒரு தட்டுத் தட்டியது. பிறகு இரட்டையாகத் தட்டியது, இன்னொரு இரட்டை, ஓர் ஒற்றை.

அந்தச் சத்தத்தில் ஜெசிந்தா பதறி விழித்தாள். யார் கூப்பிட்டது என்று அவளுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புருஷனின் முகத்தைப் பார்த்தாள், பிள்ளையின் உதட்டில் நிறம் ஏறுவதைப் பார்த்தாள்.

"தூங்கிட்டேங்க" என்றாள் கடைசியில்.

சந்தியாகு பிள்ளையை அவள் மடியிலிருந்து வாங்கித் தன் மாரில் சாய்த்துக்கொண்டான். கண்ணைத் துடைக்க அவனுக்குக் கை ஒழியவில்லை.

"தூங்கு" என்றான். "நான் கூப்பிட்டுக்கிடுதேன்."